ஏறும்போது இஸ்திரி, இறங்கும்போது தொங்கல்

ஜனவரி 9

அன்புள்ள சுண்டுவுக்கு,

ஒரே பேன்ட்டைக் கூட்டத்தோடு நிற்பவள் போட்டால் ஸ்டைல், தனியாக நிற்பவள் போட்டால் கேலி. அது ஏன்? போன வாரம் உன் அம்மாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கி நீ கேட்ட கேள்வி இது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன், எனக்குத் தெரியவில்லை. கேள்வி துணியைப் பற்றியது இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

நான் நலம். கண் மருத்துவர் புதுக் கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், இன்னும் வாங்கவில்லை. புது ஊரும் ஆறாவது மாடி வீடும் உங்கள் இருவருக்கும் பழகிவிட்டனவா? அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இன்னும் காலை ஷிப்ட்தானா? அப்பா கப்பலிலிருந்து பேசினாரா?

எனக்குப் போனில் பேச வராது. ‘சாப்பிட்டாயா’ கேட்டு முடித்ததும் சரக்குத் தீர்ந்துவிடும். அதனால்தான் கடிதம். இன்னொரு காரணமும் இருக்கிறது, மறைப்பானேன். நான் அகராதி அலுவலகத்தில் வேலை பார்ப்பது உனக்குத் தெரியும். அங்கே என்ன செய்கிறேன் என்று நீ கேட்டதில்லை. யாரும் கேட்டதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, புதிதாக வழக்கில் வந்த சொற்களைத் திரட்டி ஒரு சிறு இதழ் போடுகிறோம். இந்த முறை உன் வயதுப் பிள்ளைகளின் சொற்கள். உடையை வைத்தும் நடையை வைத்தும் நீங்கள் ஒருவருக்கொருவர் என்ன பெயர் வைத்துக்கொள்கிறீர்கள் என்பது எனக்கு வேண்டும்.

ஒவ்வொரு சொல்லுக்கும், யாராவது உண்மையிலேயே பேசிய அல்லது எழுதிய வாக்கியம் ஒன்றைச் சான்றாகக் கொடுப்போம். நாங்களே கட்டிய வாக்கியம் செல்லாது. கிடைத்ததில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டோம். எங்கள் தொழிலில் ஒழுக்கம் என்று இருப்பது அது ஒன்றுதான். ஆகவே நீ பேசுவது போலவே எழுது. பிழை பார்க்க மாட்டேன்.

அன்புடன்,
பெரியம்மா

*

ஜனவரி 20

அன்புள்ள பெரியம்மா,

‘நலம், நலமறிய ஆவல்’னு ஆரம்பிக்கணும்னு அம்மா பின்னாடி நின்னுக்கிட்டு சொல்றாங்க. ஆரம்பிச்சாச்சு. அம்மா போயாச்சு. கண்ணாடியை வாங்கிடுங்க.

எங்க ஸ்கூல்ல யூனிஃபார்ம் கிடையாது, அதனால இங்க அஞ்சு கூட்டம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ஒரு பெரிய கடைக் கட்டடம் இருக்கு. ஸ்கூல் விட்டா எல்லாரும் அதோட வெளிப் படிக்கட்டுலதான் இருப்பாங்க. யார் எந்தப் படின்னு எழுதி வைக்கல, ஆனா எல்லாருக்கும் தெரியும்.

மேல இஸ்திரி. கழுத்து வரைக்கும் பட்டன், ஈரத் தலை, ஸ்கேல் வெச்ச மாதிரி வகிடு. உக்காரவே மாட்டாங்க, மடிப்பு கலைஞ்சிடுமாம்.

அதுக்குக் கீழ ஜிகினா. கண்ணுக்கு அடியில மினுமினுன்னு ஒட்டிப்பாங்க. அவங்க எந்திரிச்சுப் போன இடத்துல நாம உக்காந்தா நம்ம பின்பக்கமும் மின்னும்.

சாம்பல்னா கறுப்பு, சாம்பல் ரெண்டே கலர். நகத்துக்குப் பாலிஷ் போடணும், ஆனா பாதி உரிஞ்சிருக்கணும். தானா உரியலைன்னா சுரண்டி விட்டுப்பாங்க. சிரிப்பு வந்தா மூஞ்சியைத் திருப்பிக்கணும்.

கீழ தொங்கல். பேன்ட்டு தரையைக் கூட்டணும், சட்டைக் கை விரலை மூடணும். அண்ணன் சட்டை, மாமா சட்டை, யார் சட்டையா இருந்தாலும் சரி, சொந்தச் சட்டையா மட்டும் இருக்கக் கூடாது. அவங்கதான் ரொம்ப சிரிப்பாங்க.

அஞ்சாவது காத்து. அது கூட்டமே இல்ல. எதுலயும் சேராம படிக்கட்டைத் தாண்டிப் போறவங்க. “யாருடி போனது?” “காத்துடி.” அவ்வளவுதான்.

நான் எதுன்னு கேக்காதீங்க.

இப்படிக்கு,
சுண்டு

*

ஜனவரி 29

அன்புள்ள சுண்டுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். அம்மாவின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? கேட்டால் ஒன்றுமில்லை என்பாள், அதனால் உன்னைக் கேட்கிறேன்.

கடிதத்தை அலுவலகத்தில் வாசித்தேன். நாங்கள் மூன்று பேர்தான்: தலைமைத் தொகுப்பாளர், தட்டச்சு செய்பவர், நான். ஒரே தெருவில் இருக்கும் பிள்ளைகளுக்குள் ஐந்து கட்சி என்றால் நம்ப முடியவில்லை என்றேன். “ஏன், நாம மூணு பேரே மூணு கட்சிதானே?” என்றார் தட்டச்சர். இஸ்திரி என்ற இடம் வந்ததும் அவர் கண்கள் தலைவரின் சட்டைக் காலருக்குப் போயின. தலைவரும் கவனித்துவிட்டார். “சொல்லுங்க, சொல்லுங்க. அந்தப் பொண்ணு என்னைப் பார்த்துத்தான் எழுதியிருக்குன்னு சொல்லுங்க” என்றார். இந்த அறையில் யாரும் சிரித்து வெகுநாளாகிவிட்டது.

உன் சொற்களை ஒவ்வொன்றாகத் தனிச் சீட்டில் எழுதிப் பொருளும் ஒரு வாக்கியமும் சேர்த்து அனுப்பு. அவசரமில்லை.

நீ எது என்று நான் கேட்கவில்லை. மாலை வேளைகளில் என்ன செய்கிறாய் என்று மட்டும் கேட்கிறேன். நான் வீட்டுக்கு வந்ததும் ரேடியோவைப் போடுவேன். கேட்பதற்கு என்றில்லை.

அன்புடன்,
பெரியம்மா

*

பிப்ரவரி 18

அன்புள்ள பெரியம்மா,

நலம், நலம், நலம்! அம்மா இடுப்பும் நலம். ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னாங்க.

விஷயம் கேளுங்க. இங்க வந்த நாள்லேர்ந்து நான் காத்துதான். சொல்ல வெக்கமா இருந்துச்சு. சாயங்காலம் என்ன பண்றேன்னு கேட்டீங்கல்ல? ஜன்னல்லேர்ந்து பஸ் எண்ணுவேன். போன மாசம் ஒரு நாள் அப்பாவோட பழைய சட்டையைப் போட்டுக்கிட்டு லிஃப்ட்டுல இறங்கினேன். நாலாவது மாடியில ஒரு பொண்ணு ஏறினா. என்னை மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தா. கேலி பண்ணப் போறான்னு சுவரைப் பாத்துக்கிட்டேன். அவ என் சட்டைக் கையை ரெண்டையும் பிடிச்சு விரல் மேல இழுத்து விட்டு, “இப்ப சரி”ன்னா. அவ்வளவுதான் பெரியம்மா! அன்னிக்கு சாயங்காலம் படிக்கட்டுல பையை நகர்த்தி எனக்கு இடம் விட்டா. இப்ப நான் தொங்கல்.

எங்க நாலாவது மாடிக்காரி பக்கா லிஃப்ட்டு, ஏறும்போது இஸ்திரி, இறங்கும்போது தொங்கல், கீழ அவங்கப்பா கடை ஷட்டரைத் தூக்கி நிமிர்றதுக்குள்ள பஸ்ஸுல இருப்பா. லிஃப்ட்டுன்னா அதான், வீட்டுக்கு ஒரு டிரெஸ், வெளிய ஒரு டிரெஸ். நாலு மாடி இறங்குறதுக்குள்ள மாத்திடுவா, நான் கதவைப் பாத்துக்கிட்டு நிக்கணும். அவங்கப்பா பூட்டு, வாளி விக்கிற கடை வெச்சிருக்காரு. ரொம்ப ஸ்ட்ரிக்ட்டாம். தெரிஞ்சா தொலைஞ்சாளாம். அவ சொல்லும்போது சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

சீட்டு எல்லாம் எழுதி வெச்சிருக்கேன், பாருங்க. என் பேரு வராதுல்ல?

இப்படிக்கு,
தொங்கல் சுண்டு

*

மார்ச் 3

அன்புள்ள சுண்டுவுக்கு,

நலம். கண்ணாடி வாங்கிவிட்டேன். உன் கடிதத்தைத்தான் அதைப் போட்டுக்கொண்டு முதலில் படித்தேன்.

உனக்கு ஒரு தோழி கிடைத்ததில் மகிழ்ச்சி. இதை எப்படி எழுதினாலும் வாழ்த்து அட்டை போல இருக்கிறது, ஆகவே விட்டுவிடுகிறேன். சட்டைக் கையை இழுத்துவிட்ட இடத்தை இரண்டு முறை படித்தேன்.

சீட்டுகள் வந்தன. பொருள் விளக்கங்கள் நன்றாக இருக்கின்றன, வாக்கியங்கள் தேர்வில் எழுதியவை போல இருக்கின்றன. ‘சில பெண்கள் லிஃப்ட்டு ஆவார்கள்’ என்று யார் பேசுவார்கள்? கடிதத்தில் நீ எழுதியவைதான் உயிரோடு இருக்கின்றன. அவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

உன் பெயர் வராது. எங்கள் முறைப்படி ‘பெண், 16, அடுக்குமாடிக் குடியிருப்பு’ என்று மட்டும் வரும். அதைவிட அனாமதேயமாக ஒருவர் இருக்க முடியாது.

மாலையில் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டு நேரத்துக்கு வீடு திரும்புகிறாய் அல்லவா? தேர்வுக்குப் படி. நேரம் கிடைத்தால் எழுது, கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. கிடைக்காமல் இருப்பது நல்ல அடையாளம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
பெரியம்மா

*

மே 6

அன்புள்ள சுண்டுவுக்கு,

நலம். நீங்களும் நலமென்று நம்புகிறேன். தேர்வுகள் முடிந்திருக்கும்.

இதழ் வந்துவிட்டது. ஒரு பிரதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஏழாம் பக்கம் முழுக்க உன்னுடையது. பதினெட்டு ஆண்டு வேலையில் முதல்முறையாக, ஒரு செய்தித்தாள் எங்கள் இதழைக் கண்டுகொண்டிருக்கிறது. போன ஞாயிறு இணைப்பில் ‘இளசுகளின் புது அகராதி’ என்று அரைப் பக்கம் போட்டார்கள். ‘லிஃப்ட்டு’ என்ற சொல்லையும் அதன் சான்று வாக்கியத்தையும் கட்டம் கட்டி, படம் வரைந்து போட்டிருக்கிறார்கள். தலைவர் அதைக் கத்தரித்து அறைக் கதவில் ஒட்டிவிட்டார். கசங்காமல்தான் ஒட்டினார், இஸ்திரி ஆயிற்றே.

உன் தோழியிடம் காட்டினாயா? என்ன சொன்னாள்?

அன்புடன்,
பெரியம்மா

*

ஜூன் 11

அன்புள்ள சுண்டுவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய விருப்பம்.

பார்சல் வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை. தபாலில் தொலைந்து போயிருந்தால் இன்னொரு பிரதி அனுப்புகிறேன். எழுத நேரமில்லாவிட்டால் பரவாயில்லை என்று நான்தான் சொன்னேன். ஆனாலும் தபால்காரர் எங்கள் தெருவில் திரும்பும்போது சைக்கிள் மணி அடிப்பவர், அதனால் வராத நாளும் தெரிந்துவிடுகிறது.

போன் செய்தேன். அம்மா எடுத்தாள். நீ குளித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். மறுபடி செய்தபோது தூங்குவதாகச் சொன்னாள். உன் அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பொய் சொல்ல வராது.

நான் ஏதாவது தவறாக எழுதியிருந்தால் சொல்.

பெரியம்மா

*

ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நாங்கள் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. போனில் சொன்னால் நாம் இருவரும் சண்டை போட்டுவிடுவோம், அதனால் எழுதுகிறேன்.

நீ அந்த வாக்கியத்தைப் போட்டிருக்கக் கூடாது அக்கா.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரைக் கீழே முடிவெட்டும் கடையில் சத்தமாகப் படித்திருக்கிறார்கள். நாலாவது மாடி, கீழே அப்பாவின் கடை, ஷட்டர், எல்லாம் அதில் இருந்தது. இந்தத் தெருவில் அப்படி ஒரே ஒரு ஆள்தான். பூட்டு வாங்க வந்தவன், “என்னண்ணே, உங்க வீட்டு லிஃப்ட் நல்லா ஓடுதா?” என்று கேட்டானாம். அந்த வாரமே அவர் பெண்ணின் பள்ளிக்கூடச் சான்றிதழை வாங்கி, வேறு ஊரில் இருக்கும் அவள் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்.

அந்தப் பெண் போவதற்கு முன்னால் மேலே வந்தாள். நான் வீட்டில் இருந்தேன். உள்ளே கூட வரவில்லை. வாசலில் நின்று, “பதினாறு வயசு, அடுக்குமாடி… நீதானே?” என்று கேட்டாள். இவள் ஆமாம் என்றாள். அவ்வளவுதான் பேசினார்கள்.

மற்ற பிள்ளைகள் இவளைப் பார்த்தால் “ஏய், எழுதிக்கப் போறா, வாயை மூடு” என்கிறார்களாம். இது இவள் சொன்னதில்லை, பக்கத்து வீட்டுப் பெண் சொன்னது. இவள் இப்போது படிக்கட்டுப் பக்கமே போவதில்லை, அடுத்த தெரு வழியாகச் சுற்றி வருகிறாள். லிஃப்ட்டில் ஏறுவதில்லை, ஆறு மாடியும் நடக்கிறாள். சொந்தச் சட்டையைத்தான் போடுகிறாள்.

உன்னைத் திட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை

*

ஜூலை 2

அன்புள்ள சுண்டுவுக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இப்போது இல்லை. அம்மா எழுதியிருந்தாள்.

முதலில் வேலையைச் செய்தேன், எனக்குத் தெரிந்தது அதுதான். தலைவரிடம் போய், ஆண்டுத் தொகுதியில் அந்த வாக்கியத்தை நீக்க வேண்டும் என்றேன். “இந்த இதழிலேயே உயிருள்ள வாக்கியம் அதுதானேம்மா. சான்று பொய்யா?” என்று கேட்டார். பொய்யில்லை என்றேன். “அப்புறம்?” என்றார். மெய் என்பதுதான் அதில் உள்ள குற்றம் என்று அவருக்கு விளக்க அரைநாள் ஆயிற்று. கடைசியில் நீக்கிவிட்டார். கதவில் ஒட்டியிருந்ததை நான் கிழித்தேன். இதனால் உனக்கு ஒரு பயனும் இல்லை என்று தெரியும்.

அடுத்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். கடைக்காரரைப் பார்த்து, அது எங்கள் அலுவலகத்தில் நாங்களாகக் கட்டிய வாக்கியம், அவர் மகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லப்போகிறேன். அகராதிக்காரி ஒருத்தி சொன்னால் நம்புவார். நம்பினால் அவள் திரும்பி வரக்கூடும்.

பெரியம்மா

*

ஜூலை 8

அன்புள்ள பெரியம்மா,

நலம். வராதீங்க.

சுண்டு

*

ஜூலை 14, மாலை
உங்கள் வீட்டு ஹால்

அன்புள்ள சுண்டுவுக்கு,

வராதே என்றாய், வந்துவிட்டேன். நீ கதவைத் திறக்கவில்லை, அது சரிதான். நமக்கு நடுவில் ஒரு கதவுதான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு எழுதத்தான் வருகிறது. அம்மா சமையலறையில் பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமாகச் சத்தப்படுத்திக்கொண்டிருக்கிறாள்.

மத்தியானம் கடைக்குப் போனேன். வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

“அது நாங்களா ஆபீஸ்ல உக்காந்து எழுதின வாக்கியம்ங்க. உங்க பொண்ணைப் பத்தி இல்ல.”

கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். “உங்களுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல போலிருக்கு. உக்காருங்க மேடம்” என்று ஒரு ஸ்டூலைத் தள்ளினார்.

உட்கார்ந்தேன்.

“எனக்கு ஒரு வருஷமாத் தெரியும்” என்றார்.

“எது?”

“லிஃப்ட் சமாச்சாரம். ஷட்டர் என்ன மலையா? ஒரு தள்ளுல மேல போயிடும். நான்தான் தினம் குனிஞ்சு, பூட்டைப் பாக்கிற மாதிரிப் பாத்து, சாவி மாறிப்போன மாதிரி இன்னொண்ணைத் தேடி, மெதுவாத் தூக்குவேன். புள்ள ஓடிப்போயி பஸ்ஸேறட்டுமேன்னு. லொடலொடன்னு ஒரு பேன்ட்டு, அதைப் போட்டா என்ன குடி முழுகிடும்?”

“அப்படின்னா எதுக்கு அனுப்பினீங்க?”

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ஒரு சிறுமிக்கு விளக்குவது போலச் சொன்னார். “எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. அப்படியே ஓடிட்டிருந்தது எங்களுக்குள்ள. நீங்க பேப்பர்ல போட்டீங்க. தெரியாத மாதிரி இருக்கிறது என் கையில இருந்தது மேடம். ஊருக்கே தெரிஞ்ச பிறகு, நான் என்ன பண்ணப் போறேன்னு அத்தனை பேரும் பாக்கிறாங்க. கடைக்கு வர்றவன் பாக்கிறான், சொந்தக்காரன் பாக்கிறான். ஒண்ணும் பண்ணாம இருந்தா நான் அப்பனே இல்லைங்கிறான். அனுப்பிட்டேன். வீட்டுல இப்ப சத்தமே இல்ல.”

திரும்பக் கூப்பிடுவீர்களா என்று கேட்டேன். “கொஞ்ச நாள் போகட்டும்” என்றார். எவ்வளவு நாள் என்று அவருக்கும் தெரியவில்லை. நான் கேட்காமலேயே ஒரு பில்லின் பின்புறம் அவள் மாமா வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்தார். “ஆறாவது மாடியிலேர்ந்துதானே வந்தீங்க? உங்க பொண்ணுகிட்ட குடுங்க. அதுங்க ரெண்டும் ஒண்ணாத் திரிஞ்சதுங்க” என்றார். நீ என் பெண் இல்லை என்று நான் திருத்தவில்லை.

விலாசம் இத்துடன் இருக்கிறது.

‘மன்னிப்பு’ என்ற சொல்லுக்கு எங்கள் அலுவலகத்தில் நிறையச் சான்று வாக்கியங்கள் உண்டு, எல்லாம் பிறர் சொன்னவை. நான் சொல்ல வேண்டியது இது: நீ எனக்குக் கடிதம் எழுதினாய், சுண்டு. நான் அதைக் கடிதமாகப் படிக்கவில்லை.

நாளைக் காலை வண்டிக்குப் போகிறேன்.

பெரியம்மா

*

ஜூலை 21

அன்புள்ள தங்கைக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன், நலம். உன் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் போதாது, உங்கள் ஆஸ்பத்திரியிலேயே யாரிடமாவது காட்டு.

நீ காலை ஷிப்டுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது நான் கிளம்பிவிட்டிருந்தேன். அன்று என்ன நடந்தது என்று கேட்டால் அவள் வாய் திறக்க மறுக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்காதே.

நீ போய்க் கொஞ்ச நேரத்தில் அவள் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். பள்ளிக்குக் கிளம்பியிருந்தாள், சொந்தச் சட்டைதான். கையில் அந்தப் பில் இருந்தது. “இது ஒண்ணா, ஏழா?” என்றாள். வீட்டு எண்ணைக் கேட்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, ஏழு என்றேன். உறையில் விலாசம் எழுதினாள். என் பர்ஸில் தபால்தலை இருந்தது, கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து லிஃப்ட்டின் பொத்தானை அழுத்தினேன். அவள் மாடிப்படிப் பக்கம் போய் நின்றாள். லிஃப்ட் வந்து கதவு திறந்தது. அவள் திரும்பி வந்து ஏறிக்கொண்டாள்.

நாலாவது மாடியில் நின்றது. கடைக்காரர் சாவிக்கொத்தோடு ஏறினார். எங்கள் இருவரையும் பார்த்தார்.

“ஸ்கூலா?”

“ஆமா அங்கிள்.”

மூன்று பேரும் கதவைப் பார்த்தபடி இறங்கினோம்.

கீழே போனதும் அவர் ஷட்டரை ஒரே தள்ளில் தூக்கினார். அவர் உள்ளே போகும்வரை பொறுத்திருந்து, அவள் கல்லாவுக்கு முன்னால் போய் நின்று உறையை நீட்டினாள். ஒட்டாத உறை.

“அவளுக்கு எழுதியிருக்கேன் அங்கிள். நீங்க படிச்சுப் பாத்துட்டு, சரின்னா அனுப்புங்க.”

அவர் வாங்கி விலாசத்தைப் படித்தார். உறையின் வாயைத் திறக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பசை டியூபை எடுத்து, மடிப்பு ஓரமாகத் தடவி, மூடி, கல்லாப்பெட்டி மேல் வைத்துக் கட்டைவிரலால் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை அழுத்தினார். பிறகு அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

“ஈரமா இருக்கு. கொஞ்சம் காயட்டும், அப்புறம் போடு” என்றார். உடனே ஒரு வாளியை எடுத்து வாசலில் தொங்கவிடப் போய்விட்டார்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவளும் நானும் நடந்தோம். அவள் உறையை ஓரத்தில் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தாள். காலை நேரம் என்பதால் அந்தப் படிக்கட்டில் யாரும் இல்லை, ஒரு ஆள் பெருக்கிக்கொண்டிருந்தான். தபால்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, ஒட்டிய இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு உறையைப் போட்டாள். குனிந்து, அது உள்ளே விழும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள்.

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னாள். அது எனக்கு ஓர் எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. அதை இங்கே எழுத மாட்டேன்.

அவளுடைய பஸ் வந்தது. பின்பக்கமாக ஏறினாள். உட்கார இடம் இருந்தது, ஆனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனாள். நான் ஸ்டேஷனுக்கு எந்தப் பஸ் என்று அந்தப் பெருக்குகிறவனிடம் கேட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

அன்புடன்,
அக்கா